ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிப் பணத்தைப் பெறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ரிட்டர்ன் போடுவது செயலியில் நான்கைந்து முறை தொட்டால் முடிந்துவிடும் வேலை. ஆனாலும் உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இதைச் செய்து கொடுக்கும்போது திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: பணம் மூன்று இடங்களில் சிக்குகிறது. பார்சலைப் பிரிக்கும்போது, காரணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எடுத்துச்செல்ல வருபவரிடம் பொருளைக் கொடுக்கும்போது. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்குச் சண்டை போடும் அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.

இந்தியாவில் இயங்கும் அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ, மிந்த்ரா போன்ற தளங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பொத்தானின் பெயரும் இடமும் தளத்துக்குத் தளம் மாறும். வேலையின் வரிசை மாறாது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். "பிடிக்கவில்லை" என்பதற்காக ஒரு பொருளைத் திருப்பித் தரும் பொதுவான உரிமை நம் சட்டத்தில் இல்லை. அது தளமோ விற்பனையாளரோ தரும் சலுகை. அவர்கள் எழுதிவைத்த நிபந்தனைதான் அதற்கு எல்லை. பழுதான பொருள், போலி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள், சொன்ன தேதி தாண்டி வந்த பொருள் ஆகியவற்றின் கதை வேறு. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020இன்படி, இவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் போன்ற காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு உண்டு. உங்கள் பொருள் இந்த இரண்டில் எந்த வகை என்று தெரியாமல் பேசத் தொடங்கினால், உரிமையாகக் கேட்க வேண்டியதைக் கெஞ்சிக் கேட்பீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஆர்டர் செய்த அதே கணக்கில் நுழைய வேண்டும். சொல்லவே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் பெங்களூரில் இருக்கும் மகன், திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு மிக்சி வாங்கி அனுப்பியிருப்பார். கோரிக்கை மகனின் போனில் இருக்கும், பொருள் அம்மாவிடம் இருக்கும், ஓடிபி மகனுக்குப் போகும். பொருளை எடுத்துச்செல்ல வரும் பிக்கப் ஆள் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். இப்படிப்பட்ட வீடுகளில் முகவரிக்கான தொடர்பு எண்ணாக வீட்டில் இருப்பவரின் எண்ணைப் போடுங்கள். அதோடு பிக்கப் நாளில் கணக்கு வைத்திருப்பவர் போனை எடுக்கும் நிலையில் இருக்கட்டும்.

பொருளோடு வந்த அனைத்தையும் ஓரிடத்தில் சேருங்கள்: உள்பெட்டி, டேக், கையேடு, உத்தரவாத அட்டை, சார்ஜர், இலவசமாக வந்த பொருள். பில்லைச் செயலியிலிருந்து பதிவிறக்கி வையுங்கள். அதில்தான் விற்பனையாளரின் பெயரும் முகவரியும் இருக்கும். கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கியிருந்தால் வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும், அல்லது யுபிஐ முகவரியும் வேண்டும். அந்தக் கணக்கு ஆர்டர் செய்தவரின் பெயரிலேயே இருப்பது நல்லது. பெயர் மாறினால் சில தளங்களில் பணம் நின்றுவிடும்.

2. ரிட்டர்ன் விதியை வாங்கும் முன்பே படியுங்கள்

விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு வரியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். "7 நாளில் ரிட்டர்ன்" என்றால் பணம் திரும்பக் கிடைக்கும். "7 நாளில் மாற்றுப் பொருள்" என்றால் பழுது இருந்தால் அதே பொருளை மீண்டும் தருவார்கள், அவ்வளவுதான். "சேவை மையம் வழியாக" என்று இருந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆள் பார்க்க வேண்டும். போன், மடிக்கணினி, டிவி போன்றவற்றில் பின்னுள்ள இரண்டும்தான் அதிகம். உள்ளாடை, அழகுப் பொருட்கள், உணவுப் பொருட்கள் பலவற்றுக்கும் ரிட்டர்னே கிடையாது.

ஒரே பொருளை நான்கு விற்பனையாளர்கள் விற்றால் நால்வருக்கும் ஒரே விதி என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பது ரூபாய் குறைவாக இருக்கிறதே என்று வேறு விற்பனையாளருக்கு மாறும்போது ரிட்டர்ன் வரியும் மாறியிருக்கலாம். மீஷோவில் ஒரே உடைக்கு இரண்டு விலை காட்டப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்தால், தவறான பொருளோ பழுதான பொருளோ வந்தால் மட்டுமே திருப்ப முடியும். அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் செல்லாது. உடை விஷயத்தில் அந்தச் சில ரூபாய்க்காகக் குறைந்த விலையைத் தொடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. போட்டுப் பார்க்காமல் வாங்கும் உடையில் அளவு தவறுவதுதான் அதிகம்.

விலை அதிகமான பொருள் என்றால், வாங்கும் நாளிலேயே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். தலைப்பு, விவரம், ரிட்டர்ன் வரி மூன்றும் அதில் தெரிய வேண்டும். விற்பனையாளர் பிறகு விவரத்தை மாற்றிவிட்டால், நீங்கள் எதைப் பார்த்து வாங்கினீர்கள் என்பதற்கு வேறு சான்று இருக்காது.

3. கெடு எந்த நாளில் முடிகிறது என்று குறியுங்கள்

கெடு பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறது. நீங்கள் பெட்டியைப் பிரித்த நாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பண்டிகைக்காக வாங்குபவர்கள் விழுகிற பள்ளம் இது. 2025இல் பெரிய தள்ளுபடி விற்பனைகள் செப்டம்பர் 23 அன்று தொடங்கின. தீபாவளி அக்டோபர் 20. செப்டம்பர் 27 அன்று வந்த சட்டையை 7 நாள் கெடுவோடு வாங்கியவர், அக்டோபர் 4-க்குள் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். பண்டிகையன்று காலையில் மடிப்புப் பிரித்துப் போட்டுப் பார்த்து, கை குட்டையாக இருக்கிறது என்று கண்டவருக்கு வழியே இல்லை.

ஆகவே பண்டிகைத் துணியானாலும், பரிசுப் பொருளானாலும், வந்த அன்றே பிரித்து, போட்டுப் பார்த்து, மறுபடி மடித்து வையுங்கள். கெடுவின் கடைசி நாளை ஆர்டர் பக்கத்தில் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். பிக்கப் தவறினால் மீண்டும் போடுவதற்கு நாள் மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா?

4. பிரிக்கும்போதே சான்று சேருங்கள்

பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதைப் பிறகு நிரூபிக்க ஒரே வழி, பிரிக்கும்போது எடுத்த வீடியோ. சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் வெற்றுப் பெட்டி, வேறு பொருள், குறைந்த எண்ணிக்கை போன்ற புகார்களில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு முதலில் கேட்பது இதைத்தான்.

எடுக்கும் முறை முக்கியம். முகவரிச் சீட்டு தெளிவாகத் தெரிய வேண்டும். பெட்டியின் ஆறு பக்கங்களையும், ஒட்டிய டேப்பையும் காட்டுங்கள். பிறகு கேமராவை நிறுத்தாமல் பிரித்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். மின்னணுப் பொருள் என்றால் பெட்டியில் இருக்கும் வரிசை எண்ணையும் பொருளில் இருக்கும் வரிசை எண்ணையும் அருகருகே காட்டுங்கள். நடுவில் வெட்டிய வீடியோ பயன்படாது; வெட்டிய இடத்தில்தான் சந்தேகம் நுழையும். வீட்டில் இன்னொருவர் போனைப் பிடித்துக்கொண்டால் வேலை எளிது.

பெட்டி நசுங்கியோ, டேப் இரண்டாம் முறை ஒட்டப்பட்டதுபோலவோ இருந்தால், டெலிவரி ஆள் இருக்கும்போதே படம் எடுத்து, வாங்க மறுத்துவிடுவதே நல்லது. வாசலிலேயே திறந்துகாட்டும் டெலிவரி என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும். அந்த எண்ணைச் சொல்வது "சரியான பொருளைப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து போடுவதற்குச் சமம். அவசரப்படுத்தினால், "ஒரு நிமிடம் இருங்கள் தம்பி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அவருக்கும் நேர நெருக்கடி உண்டு. ஆனாலும் பார்ப்பது உங்கள் உரிமை.

5. சந்தேகம் வந்ததும் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்

"இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்போம்" என்பதுதான் ரிட்டர்னைக் கெடுக்கும் எண்ணம். செருப்பை வீட்டுக்குள் துணி விரித்துப் போட்டுப் பாருங்கள். அடிப்பகுதியில் மண் பட்டால் பயன்படுத்திய செருப்பு என்று சொல்லிவிடுவார்கள். சேலையில் ஃபால்ஸ் தைத்துவிட்டாலோ, ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டாலோ, உடையைத் துவைத்துவிட்டாலோ அத்தோடு முடிந்தது. டேக்கைக் கத்தரிக்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

பட்டு என்று வாங்கிய சேலையில் சந்தேகம் வந்தால், முந்தானையிலிருந்து நூலை உருவி எரித்துப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். சேலை சேதமடைந்திருக்கிறது என்று அதையே காரணமாகச் சொல்லித் திருப்பிவிடுவார்கள். விவரத்தில் சில்க் மார்க் (தூய பட்டு என்பதற்கான முத்திரை) என்று எழுதியிருந்து சேலையில் அந்த அட்டை இல்லையென்றால், அந்த ஒன்றே போதுமான ஆதாரம்.

டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றை நீங்களே பொருத்தத் தொடங்காதீர்கள். நிறுவன ஆள் வந்து பொருத்தும்போது பழுது தெரிந்தால், அவர் தரும் வேலைச் சீட்டே உங்கள் ரிட்டர்னுக்கு அடிப்படை. அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, சீட்டைப் படம் எடுத்துவிடுங்கள்.

6. சரியான காரணத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

"எனது ஆர்டர்கள்" பகுதியில் பொருளைத் திறந்து ரிட்டர்னைத் தொட்டதும் காரணங்களின் பட்டியல் வரும். ஏதோ ஒன்றைத் தொட்டால் போதும் என்று பலர் முதல் வரியைத் தொடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு தேர்வுதான் மூன்று விஷயங்களை முடிவு செய்கிறது: ரிட்டர்ன் அனுமதிக்கப்படுமா, கட்டணம் பிடிக்கப்படுமா, பிக்கப் ஆள் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது.

வேறு பொருள் வந்தவர்களின் நிலையைப் பாருங்கள். நீல நிற மிக்சி ஜார் கேட்டவருக்குத் தண்ணீர் பாட்டில் வந்திருக்கிறது. அவர் "இனி தேவையில்லை" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். பிக்கப் ஆளின் செயலி, மிக்சி ஜாரின் படத்தைக் காட்டி, இதுதானா என்று கேட்கிறது. வாடிக்கையாளர் கையில் இருப்பது பாட்டில். பொருந்தவில்லை என்று குறித்துவிட்டுப் பிக்கப் ஆள் போய்விடுகிறார். இப்போது பதிவேட்டின்படி, சரியான பொருளை வைத்துக்கொண்டு வேறொன்றைத் திருப்பிக் கொடுக்க முயன்றவர் வாடிக்கையாளர்! "தவறான பொருள் வந்தது" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, படத்தையும் ஏற்றியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

விவரத்துக்கு மாறாக இருப்பதும் இப்படித்தான். தூய பட்டு என்று எழுதி பாலியஸ்டர் அனுப்பினால், அதற்கு "பிடிக்கவில்லை" என்று குறிப்பது உங்கள் உரிமையை நீங்களே சலுகையாகச் சுருக்கிக்கொள்வது. "விவரத்தில் சொன்னபடி இல்லை" என்று குறியுங்கள். விளக்கம் எழுதும் கட்டத்தில் கோபத்தை விட்டுவிட்டு உண்மையை எழுதுங்கள்: "விவரத்தில் 6.3 மீட்டர் என்று இருக்கிறது, வந்தது 5.2 மீட்டர். அளவு நாடாவுடன் படம் இணைத்திருக்கிறேன்." இப்படி எழுதினால் மறுமுனையில் இருப்பவர் முடிவெடுக்க இரண்டு நிமிடம் போதும்.

பழுதே இல்லாத பொருளைப் பழுது என்று பொய்யாகப் போடுவதும் நடக்கிறது. கட்டணம் தப்பும் என்று செய்கிறார்கள். அந்தப் பொருள் சோதிக்கப்பட்டு நன்றாக இயங்கினால் ரிட்டர்ன் மறுக்கப்படும். அடிக்கடி நடந்தால் கணக்குக்கே கட்டுப்பாடு வரும். எங்கோ ஒரு ஊரில் சிறிய அளவில் தொழில் செய்யும் விற்பனையாளரின் தலையில் அந்தச் செலவு விழுகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அளவு மட்டும்தான் பிரச்சினை என்றால் அதையே சொல்லி, வேறு அளவுக்கு மாற்றிக் கேளுங்கள்.

7. பணமா, மாற்றுப் பொருளா?

இரண்டும் கிடைக்கும் என்றால், பழுது அந்த ஒரு பொருளில் மட்டும்தானா என்று யோசியுங்கள். போக்குவரத்தில் உடைந்தது என்றால் மாற்றுப் பொருள் போதும். தையலே மோசம், துணியே வேறு என்றால் மாற்றி வருவதும் அதேபோலத்தான் இருக்கும், பணத்தைக் கேளுங்கள்.

அடுத்த திரையில், பணம் எங்கே வர வேண்டும் என்று கேட்கும். தளத்தின் பணப்பை உடனடி என்று முன்னால் நிற்கும். உடனே வருவது உண்மைதான். ஆனால் அந்தத் தொகையை அந்தத் தளத்திலோ அதோடு இணைந்த இடங்களிலோதான் செலவழிக்க முடியும். பொதுவாக வங்கிக்கு மாற்ற முடியாது. அங்கேயே வேறு பொருள் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஒழிய, பணம் செலுத்திய வழியையே தேர்ந்தெடுங்கள்.

கட்டிய தொகை முழுவதும் வரவில்லையே என்று பதறுபவர்களுக்கு ஒரு சொல். கூப்பன் தள்ளுபடி கழித்து நீங்கள் கையிலிருந்து கட்டிய தொகைதான் திரும்ப வரும். மூன்று பொருள் வாங்கினால் தள்ளுபடி என்ற சலுகையில் ஒன்றை மட்டும் திருப்பினால், அதன் பங்குத் தள்ளுபடி கழியும். தளக் கட்டணம், கேஷ் ஆன் டெலிவரி கட்டணம் போன்றவை பல நேரம் திரும்புவதில்லை. மாதத் தவணையில் வாங்கியிருந்தால், பணம் திரும்பியதும் தவணை தானாக ரத்தாகிவிட்டதா என்று வங்கியிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். அதுவரை பிடித்த வட்டியும் அதன்மீதான ஜிஎஸ்டியும் திரும்பாமல் போகலாம். பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்கியிருந்தால், அந்தப் பழைய போன் மீண்டும் உங்களிடம் வராது என்பதை மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.

8. திரும்பக் கட்டுங்கள்

வந்த நிலையிலேயே போக வேண்டும். உள்பெட்டியின் மீது நேரடியாக டேப் ஒட்டாதீர்கள், எழுதாதீர்கள். அதுவும் பொருளின் ஒரு பகுதி. வெளிப்பெட்டி இல்லையென்றால் சாதாரண பையே போதும்; பெரும்பாலான பிக்கப்களில் அவர்களே உறை கொண்டுவருவார்கள். பார்த்துச் சரிபார்க்க வேண்டியிருப்பதால், அவர் வரும் முன்பே முழுதாக ஒட்டி வைத்துவிட வேண்டாம்.

போன், டேப்லெட், மடிக்கணினி என்றால் வரிசை இது. முதலில் தரவை வேறிடத்துக்கு மாற்றுங்கள். பிறகு கூகுள் கணக்கிலிருந்தோ ஐகிளவுடிலிருந்தோ வெளியேறுங்கள். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கணக்கிலிருந்து வெளியேறாமல் அழித்தால், போன் பூட்டிக்கொண்டு உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கலாம். பூட்டிய போனை எடுத்துச்செல்ல மாட்டார்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டீர்களா என்று கடைசியாக ஒரு முறை பாருங்கள். கொஞ்சம் சார்ஜும் இருக்கட்டும், பிக்கப் ஆள் போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைத் திரையில் பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லாம் தயாரானதும், உள்ளே வைத்த பொருட்கள் தெரியும்படி இரண்டு படங்கள் எடுத்துவையுங்கள்.

9. பிக்கப் நாள்

பொருள் கைமாறும் இந்தச் சில நிமிடங்களுக்கு உங்களிடம் சான்று இல்லையென்றால், முன்பு செய்ததெல்லாம் வீணாகலாம்.

வருபவர் ஸ்கேன் செய்கிறாரா என்று பாருங்கள். ஸ்கேன் செய்ததும் உங்களுக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும், அல்லது செயலியில் "எடுத்துச்செல்லப்பட்டது" என்று மாற வேண்டும். "வண்டியில் போய் அப்டேட் செய்கிறேன் அக்கா" என்று சொன்னால், "இங்கேயே செய்துவிடுங்கள் தம்பி, மெசேஜ் வந்ததும் எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்லுங்கள். ஓடிபி கேட்டால், பொருள் அவர் கைக்குப் போய், அவர் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சொல்லுங்கள். ஒட்டிய உறையை, அதன் எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள்.

ஒரே நாளில் இரண்டு பொருட்களைத் திருப்பினால் கூடுதல் கவனம் தேவை. ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் தனி எண் இருக்கும். இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தால் ஒன்று மட்டும் ஸ்கேன் ஆகி, மற்றது கணக்கில் ஏறாமல் போய்விடும். தனித்தனி உறை, தனித்தனி ஸ்கேன், தனித்தனி குறுஞ்செய்தி என்று இருக்கட்டும்.

வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அவர் செயலியில் என்ன கேள்வி வருகிறதோ அதற்குத்தான் அவர் பதில் குறிக்க முடியும். என்ன காரணம் குறிக்கிறார் என்று கேளுங்கள். அது உண்மை இல்லையென்றால், அவர் வாசலில் இருக்கும்போதே வாடிக்கையாளர் சேவையைத் தொடர்புகொள்ளுங்கள். அவர் போன பிறகு பேசினால் உங்கள் சொல்லுக்கு எதிராக அவர் குறித்தது நிற்கும்.

யாரும் வராமலேயே "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று செய்தி வருவதும் உண்டு. இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். சில முறை இப்படியானால் ரிட்டர்ன் கோரிக்கை தானாக ரத்தாகும். அதற்குள் கெடுவும் முடிந்திருக்கும். அன்றே, அந்த நேரத்துக்கு அழைப்பு எதுவும் வரவில்லை என்பதைக் காட்டும் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சாட்டில் புகார் பதியுங்கள். "பிக்கப் முயற்சி நடக்கவில்லை, கோரிக்கையைக் கெடுவுக்குள் வைத்திருக்கிறேன்" என்ற வாசகம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

10. பிக்கப் வராத ஊர் என்றால்

சில பின்கோடுகளுக்குப் பிக்கப் வசதி இருக்காது. நீங்களே அனுப்பச் சொல்வார்கள். அனுப்பும் முன் இரண்டை எழுத்தில் வாங்குங்கள்: அனுப்ப வேண்டிய முகவரி, அனுப்பும் செலவில் எவ்வளவு வரை திருப்பித் தருவார்கள் என்பது. பில்லில் இருக்கும் விற்பனையாளர் முகவரிக்கு நீங்களாகவே அனுப்பிவிடாதீர்கள். ரிட்டர்ன் வாங்கும் கிடங்கு வேறாக இருக்கலாம்.

அஞ்சல் நிலையத்தில் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது. உறைக்குள் ரிட்டர்ன் எண்ணையும் ஆர்டர் எண்ணையும் எழுதிய தாளை வையுங்கள். ரசீதின் எழுத்து விரைவில் மங்கிவிடும், அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

11. பணத்தைப் பின்தொடருங்கள்

தளம் சொல்லும் "ரீஃபண்ட் தொடங்கப்பட்டது" என்பதற்கும், வங்கியில் வரவாவதற்கும் இடையே சில வேலை நாட்கள் ஆகும். அந்த நாள் தாண்டினால், "பணம் வரவில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள். "அனுப்பிவிட்டோம், வங்கியைக் கேளுங்கள்" என்பார்கள். திரும்பி வரும் பணத்தை அடையாளம் காட்டும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்: கார்டு வழியே செலுத்தியிருந்தால் அது ஏஆர்என் எண், வங்கிக் கணக்கு அல்லது யுபிஐ என்றால் யுடிஆர் எண். அந்த எண்ணோடு போனால்தான் வங்கி தேடும். எண் தர முடியவில்லை என்றால், பணம் இன்னும் தளத்தை விட்டே கிளம்பியிருக்காது.

கிரெடிட் கார்டு பில்லை, ரீஃபண்ட் வரட்டும் என்று கட்டாமல் வைத்திருக்காதீர்கள். கடைசி நாள் தாண்டினால் வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில்.

12. கூகுளில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடாதீர்கள்

பணம் தாமதமாகும் பதற்றத்தில் செய்யும் இந்தத் தவறு, ரிட்டர்ன் தொகையைவிடப் பல மடங்கு பணத்தைக் கொண்டுபோய்விடுகிறது. தேடலில் வரும் எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன. மறுமுனையில் இருப்பவர் மரியாதையாகப் பேசி, ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வார். அது உங்கள் திரையை அவருக்குக் காட்டும். அல்லது பணம் பெற யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடச் சொல்வார். பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் போட்டால் பணம் போகும்.

தொடர்புகொள்ள வேண்டியது செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதி மூலம் மட்டும். வீட்டில் வயதானவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் இணையவழி மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

13. மறுத்துவிட்டால்

சாட்டில் "விதிப்படி முடியாது" என்று வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். பழுதோ போலியோ மாறான பொருளோ என்றால் விடாதீர்கள். பின்வரும் வரிசையில் போங்கள். முந்தைய படியின் பதிவுதான் அடுத்த படிக்குச் சான்று.

முதலில் புகார் எண் வாங்குங்கள். போனில் பேசியதை, "இன்று இப்படிச் சொன்னீர்கள்" என்று சாட்டிலோ மின்னஞ்சலிலோ எழுதிப் பதிவாக்குங்கள். 

அடுத்து தளத்தின் குறைதீர் அலுவலர். 2020 விதிகளின்படி ஒவ்வொரு தளமும் இவரது பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். இவர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: ஆர்டர் எண், தேதிகள், என்ன வந்தது, எதைக் கேட்கிறீர்கள், இணைப்புகள். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 2(47) பிரிவில் நேர்மையற்ற வணிகமுறை என்று சொல்லப்பட்டிருக்கிறது. பில்லில் கெடு குறிக்கப்படவில்லை என்றால் 30 நாள் என்றும் அங்கே இருக்கிறது. இந்த வரியைக் கடிதத்தில் சேருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். சிறிய தொகைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே வந்துவிடுவதைப் பார்க்கிறேன். கார்டில் கட்டியவர்கள் இதே நேரத்தில், பணம் கட்டியும் சரியான பொருள் வரவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடம் எழுத்தில் மறுப்புப் பதியலாம். அதற்கும் கெடு உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போக வேண்டும்.

மனுவில் எதிர்த்தரப்பாக விற்பனையாளரை மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விற்பனையாளர் அந்த முகவரியில் இல்லாமலும் போயிருக்கலாம். "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்று தளம் வாதிட்டாலும், பணத்தை வாங்கியது அது, ரிட்டர்னை மறுத்ததும் அது. இருவரையும் சேருங்கள். விற்பனையாளரின் முகவரியைப் பில்லிலிருந்தும், தளத்தை நடத்தும் நிறுவனத்தின் பதிவு முகவரியை அதன் விதிமுறைப் பக்கத்திலிருந்தும் அப்படியே எடுத்து எழுதுங்கள்.